செவலை மேல் விழுந்த பழி: கசந்த பாலின் டிஎன்ஏவைப் படித்த கதை

பால் கசக்கிறது என்று டீக்கடைக்காரர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை, குறை சொன்னது ஆச்சி மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனைக்கும் விடை அந்த ஒரு வித்தியாசத்திலேயே கிடந்தது, அதைக் கவனிக்காமல் நாங்கள் ஏறக்குறைய இரண்டு மாதம் மாட்டு மடியையே சுற்றி வந்தோம்.

பண்ணை காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை. பண்ணைக்காரர் எனக்கு அண்ணன் முறை. கறவையில் 11 மாடு, எல்லாம் ஜெர்சி கலப்பு. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிற புளிக்குளம் காளை ஒன்றும் கட்டுத்தறியில் நிற்கிறது, அது அண்ணனுடைய கௌரவம், இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை. காலைப் பால் பாதி கறந்த கையோடு கேனில் ஊற்றி டீக்கடைகளுக்குப் போய்விடும். மீதிக் காலைப் பாலும் சாயங்காலப் பாலும், பழையதாக வாங்கிப் போட்ட ஒரு பால் குளிரூட்டித் தொட்டிக்குள் போகும். அங்கிருந்து வீடுகளுக்கும், கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிற ஆச்சிக்கும்.

பங்குனி கடைசியில் ஆச்சி ஆள் விட்டார். நான் நுண்ணுயிரியல் படித்தவள், விடுமுறைக்கு வந்திருந்தேன், அண்ணனோடு சும்மா போனேன். வளவைத் தாண்டி இரண்டாங்கட்டில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஃப்ரிட்ஜ் நிற்கிறது. அதிலிருந்து ஒரு சொம்பை எடுத்து நீட்டினார். "குடிச்சுப் பாருத்தா. நேத்துக் காச்சி ஆறவச்ச பாலு. வேப்பங்கொழுந்தை அரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு." வேப்பங்கொழுந்து அளவுக்கெல்லாம் இல்லை, ஆனால் கசப்பு நிச்சயம் இருந்தது, குடித்து முடித்த பிறகு அடித்தொண்டையில் தங்குகிற கசப்பு. காய்ச்சிய அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லையாம், மறுநாள்தான். உறை ஊற்றினால் தயிரும் சரியாகத் தோய்வதில்லை, தண்ணீர் தனியாக நிற்கிறது.

"ஆச்சி, ஃப்ரிட்ஜ் சரியா கூலிங் ஆகுதா?" என்று அண்ணன் கேட்டார். ஆச்சி அவரைப் பார்த்த பார்வைக்கு அப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை.

வழக்கமான சோதனைகள் எல்லாம் செய்தோம். லாக்டோமீட்டர் சரி. கொழுப்பு சரி. காய்ச்சினால் திரியவில்லை. மெத்திலீன் நீலம் விட்டுப் பார்த்தோம், பாலில் பாக்டீரியா அதிகமாக இருந்தால் அந்த நீலம் சீக்கிரம் வெளுத்துவிடும். 5 மணி நேரம் தாண்டியும் நீலம் நின்றது, அது நல்ல பால் என்று தரம் பிரிக்கிற கணக்கு. ஒரு ஆய்வகத்தில் கொடுத்து 37 டிகிரியில் தட்டில் வளர்த்து எண்ணச் சொன்னோம், அதுவும் கவலைப்படுகிற எண் இல்லை. காகிதத்தில் பார்த்தால் ஊரிலேயே நல்ல பால் இதுதான், வாயில் வைத்தால் கசக்கிறது.

அப்போதுதான் கால்நடை மருத்துவர் வந்து கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை செய்தார். 1957ல் வந்த பழைய சோதனை, இன்றும் கொட்டகையில் இதைவிடச் சுலபமான ஒன்று கிடையாது. நாலு குழி உள்ள தட்டில் நாலு காம்புப் பாலையும் பீய்ச்சி, ஒரு சோப்புக் கரைசலை ஊற்றிச் சுழற்றினால், மடியில் வீக்கம் இருக்கிற காம்பின் பால் கொழகொழவென்று திரண்டு நிற்கும். பாலில் வந்து சேர்ந்திருக்கிற வெள்ளை அணுக்களைச் சோப்பு உடைக்கிறது, உள்ளேயிருந்து வெளிவருகிற டிஎன்ஏதான் அப்படிக் கொழகொழக்கிறது. பார்க்கப்போனால் அதுவும் ஒரு டிஎன்ஏ சோதனைதான், எழுத்தைப் படிக்காமல் எடையை மட்டும் பார்க்கிற சோதனை. 11 மாட்டில் செவலைக்கு மட்டும் இரண்டு காம்பு திரண்டது.

சரி, குற்றவாளி கிடைத்துவிட்டாள். அண்ணன் அன்றைக்கே தரகருக்குப் போன் போட்டுவிட்டார்.

சந்தேகம் முட்டாள்தனமானது என்று சொல்ல மாட்டேன். மடிநோய்ப் பாலில் பிளாஸ்மின் என்ற நொதி கூடும். அது மாட்டின் இரத்தத்திலிருந்து வருவது, பாலின் கேசின் புரதத்தை வெட்டும், சூட்டையும் ஓரளவு தாங்கும். புரதம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டால் அந்தத் துண்டுகளில் சில கசக்கும். ஆக, செவலையால் பால் கசக்கலாம்தான். ஆனால் 11 மாட்டுப் பாலில் இரண்டு காம்பு கலந்து அத்தனை லிட்டரும் கசக்குமா என்பது எனக்கு உறுத்தியது. மடியில் என்ன கிருமி என்று பார்க்க மருத்துவர் அனுப்பிய மாதிரியில் ஒரு காம்பிலிருந்து தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. இது அதிசயமில்லை. மடிநோய் என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரிகளிலேயே கணிசமான பங்கு தட்டில் முளைப்பதில்லை என்பது உலகம் முழுக்க மாட்டு மருத்துவர்களுக்குப் பழகிப்போன எரிச்சல். தட்டு என்பது நாம் விரித்து வைக்கிற இலை, அதில் பரிமாறியிருப்பது பிடித்தவர்கள் மட்டும்தான் உட்காருவார்கள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் வாசலில் நின்று பெயர் கேட்க வேண்டும்.

பெயர் கேட்கிற அந்த முறைதான் 16எஸ் வரிசை வாசிப்பு. எந்த பாக்டீரியாவாக இருந்தாலும் புரதம் செய்கிற ரைபோசோம் இல்லாமல் வாழ முடியாது. அந்த ரைபோசோமின் ஒரு உறுப்பை எழுதிவைத்திருக்கிற மரபணு சுமார் 1,500 எழுத்து நீளம். அதில் சில பகுதிகள் எல்லா பாக்டீரியாவிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், நடுநடுவே 9 பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். மாறாத இடத்தைப் பிடித்துக்கொண்டு, டிஎன்ஏவைப் பிரதி எடுக்கிற பிசிஆர் என்ற முறையில் பெருக்கி, மாறுகிற இடத்தைப் படித்து, சில்வா போன்ற பெரிய தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் யாருடையது என்று தெரியும். இந்த ரைபோசோம் எழுத்துகளை வைத்துத்தான் 1977ல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ஆர்க்கியா என்ற தனி உயிர்க்கிளையையே பிரித்துக் காட்டினார்கள். பாலில் கிடக்கிற எல்லா டிஎன்ஏவையும் மொத்தமாகப் படிக்கிற முறையும் உண்டு, ஆனால் பச்சைப் பாலில் அப்படிப் படித்தால் வருகிற எழுத்தில் பெரும்பங்கு மாட்டினுடையதாகத்தான் இருக்கும். மாட்டைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. அதனால் 16எஸ்.

முதல் சுற்று, அதாவது நான் அசடு வழிந்தது

முதல் தடவை 6 மாதிரி எடுத்தேன். செவலையின் இரண்டு காம்பு, நல்ல மாடு இரண்டு, ஒரு கேன், குளிரூட்டித் தொட்டி. தெரிந்த ஒருவரின் ஆய்வகத்தில் டிஎன்ஏ பிரித்து, கட்டணம் வாங்கிக்கொண்டு படித்துத் தருகிற ஒரு இடத்துக்கு அனுப்பினேன். வி3–வி4 என்று சொல்கிற இரண்டு பகுதிகளை மட்டும் இல்லுமினா இயந்திரத்தில் படித்துக் கொடுத்தார்கள்.

அறிக்கை வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. நல்ல மாடுகளின் பாலில் ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம், ஸ்பிங்கோமோனாஸ் என்று மண்ணிலும் நீரிலும் வாழ்கிற கூட்டமாக வந்து நிற்கிறது. கேன் பாலில் சயனோபாக்டீரியா, அதாவது நீலப்பச்சைப்பாசி இனம். சோறு கூட இறங்காமல் உட்கார்ந்து, செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கும் பாலுக்கும் உள்ள உறவு என்று தலைப்பு வரைக்கும் யோசித்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரிடம் காட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "வெறும் தண்ணி அனுப்புனியா?"

அனுப்பவில்லை.

டிஎன்ஏ பிரிக்கிற கிட்டிலேயே, பிசிஆர் ரசாயனங்களிலேயே, கொஞ்சூண்டு பாக்டீரியா டிஎன்ஏ இருக்கும். சாணத்தைப் போலக் கோடிக்கணக்கில் பாக்டீரியா உள்ள மாதிரியில் அது தெரியவே தெரியாது. நல்ல மடியிலிருந்து சுத்தமாகக் கறந்த பாலில் பாக்டீரியா மிகக் குறைவு, அங்கே கிட்டின் அழுக்கே படம் முழுக்க நிறைந்துவிடும். 2014ல் சால்டர் என்ற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும் இதை அழகாக நிரூபித்தார்கள்: ஒரே ஒரு சால்மொனெல்லா இனத்தை மட்டும் வளர்த்து, அதைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கவிட்டுப் படித்துக்கொண்டே போனால், நீர்க்க நீர்க்க அந்த சால்மொனெல்லா தேய்ந்து, கிட்டில் ஒளிந்திருந்தவை மேலே வருகின்றன. அவர்கள் போட்ட பட்டியலில் ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம், ஸ்பிங்கோமோனாஸ் மூன்றும் இருக்கின்றன. நான் செம்மண் என்று நினைத்தது ஏதோ ஒரு தொழிற்சாலையின் பாட்டில். மடிக்குள் இருக்கிற பாலுக்கென்று தனியாக ஒரு பாக்டீரியாக் கூட்டம் உண்டா, இல்லை அது ஏறக்குறையச் சுத்தமா என்ற சண்டை ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஓயாததற்கும் இதுதான் பெரிய காரணம்.

சயனோபாக்டீரியா கதை இன்னும் கேவலம். செடிகளின் பசுங்கணிகத்துக்கென்று சொந்த டிஎன்ஏ உண்டு, அது ஒரு காலத்தில் சயனோபாக்டீரியாவாக இருந்தது என்பதால் அதன் 16எஸ் மரபணுவும் அந்தக் குடும்பத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். கேனில் நான் கண்ட நீலப்பச்சைப்பாசி, மாடு தின்ற நேப்பியர் புல். தீவனத் தட்டத்திலிருந்து காம்பில் ஒட்டி, காம்பிலிருந்து கேனுக்கு வந்திருக்கிறது.

இன்னொன்றும் தப்பாகச் செய்திருந்தேன். பாலைச் சுழற்றியில் வைத்தால் மேலே கொழுப்பு மிதக்கும், அடியில் வண்டல் தங்கும். வண்டலில்தான் பாக்டீரியா என்று கொழுப்பை வழித்துக் கொட்டிவிட்டேன். பாக்டீரியாவில் ஒரு பங்கு கொழுப்புத் துளிகளோடு ஒட்டிக்கொண்டு மேலே போய்விடுகிறது, அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் குப்பைக்கு நடுவில் ஒரே ஒரு விஷயம் மட்டும் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. தொட்டிப் பாலில் முக்கால்வாசிக்கு மேல் சூடோமோனாஸ். கேன் பாலில் அது பெயருக்கு எட்டிப்பார்க்கிறது. அதே சூடோமோனாஸ் கிட் அழுக்குப் பட்டியலிலும் உண்டு என்பதால் அதையும் நம்பத் துணிவில்லை.

இரண்டாம் சுற்று

மதுரையில் ஒரு சினேகிதி நானோபோர் வைத்திருக்கிறாள். 2014ல் முதலில் வெளியே விட்ட மினயான் என்ற கையடக்கக் கருவி, கணினியில் செருகினால் போதும். டிஎன்ஏ இழை ஒரு நுண்துளை வழியாக நுழைந்து போகும்போது மின்னோட்டம் ஏறி இறங்குவதை வைத்து எழுத்தைச் சொல்லும். வி3–வி4 மாதிரி துண்டு போடாமல் 1,500 எழுத்தையும் ஒரே மூச்சில் படிக்கலாம் என்பதுதான் எனக்கு வேண்டியது, நீளமாகப் படித்தால் பேரினத்தோடு நின்றுவிடாமல் சிற்றினம் வரைக்கும் நெருங்கலாம். ஒரே ஓட்டத்தில் 24 மாதிரிக்கு இடம்.

இந்த 24ஐ எப்படிப் பங்கு போடுவது என்பதற்கு ஒரு வாரம் செலவழித்தேன், முழு ஆய்விலும் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று நினைக்கிறேன். மூன்று இடம் வெறுமைக்கு: கொட்டகையில் திறந்து வைத்து மூடிய சுத்திகரித்த நீர், கிட்டில் மட்டும் ஓட்டிய நீர், பிசிஆரில் மட்டும் போட்ட நீர். ஒரு இடம், என்னென்ன பாக்டீரியா எவ்வளவு என்று முன்பே தெரிந்த கடைச்சரக்குக் கலவைக்கு, நம் முறை சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க. செவலையின் இரண்டு காம்பு, நல்ல மாடு இரண்டு, காம்புத் தோலைத் துடைத்த பஞ்சு இரண்டு, கறவை இயந்திரத்தின் ரப்பர் லைனர் இரண்டு, கறவை வாளி, இரண்டு கேன். தொட்டிப் பால் ஊற்றிய உடனே, 12 மணி நேரம் கழித்து, 24 மணி நேரம் கழித்து. தொட்டியின் வாய் வால்வைக் கழற்றி உள்ளே துடைத்த பஞ்சு. போர்வெல் தண்ணீர், மாடித்தொட்டித் தண்ணீர். ஆச்சி வீட்டில் காய்ச்சிய அன்று, மறுநாள்.

கூட்டிப் பார்த்தால் 23. ஒரு இடம் மிச்சம். ஆச்சியிடம் சொன்னேன். "அப்ப என் தயிரையும் வச்சுப் பாரேன்" என்று ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார். ஆக 24.

மாதிரி எடுக்கும்போது காம்பைக் கழுவி, துடைத்து, 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் நுனியை மறுபடி துடைத்து, முதல் சில பீய்ச்சலைக் கீழே விட்டு, குப்பியைப் படுக்கைவாட்டில் சாய்த்துப் பிடித்துக் கறந்தோம். செவலை ஒரு உதை விட்டாள், ஒரு குப்பி போனது. ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்குக் கொண்டுபோனேன்.

டிஎன்ஏவோடு தட்டையும் சேர்த்து வைத்தேன், இந்தத் தடவை 37 டிகிரியில் இல்லை. 7 டிகிரியில் 10 நாள். குளிரில் வளர்கிறவற்றை எண்ண அதுதான் முறை. இன்னொரு செட் கொழுப்பு நீக்கிய பால் கலந்த தட்டில், புரதத்தை வெட்டுகிற பாக்டீரியா வளர்ந்தால் அதைச் சுற்றி வெள்ளை கலைந்து கண்ணாடி மாதிரி ஒரு வளையம் விழும்.

வந்த விடை

வெறும் தண்ணீர் மூன்றிலும் பழைய நண்பர்கள் ரால்ஸ்டோனியா வகையறா. நல்ல மாடு இரண்டின் பாலும் கிட்டத்தட்ட வெறும் தண்ணீரைப் போலவே இருந்தது, அதாவது சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. காம்புத் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ், கோரினிபாக்டீரியம், சாணத்து ஆட்கள், கொஞ்சம் புல். எதிர்பார்த்ததுதான். செவலையின் இரண்டு காம்பிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், தட்டில் ஒன்றும் முளைக்காத அந்தக் காம்பு உட்பட. அவளுக்கு நோய் இருப்பது உண்மை. ஆனால் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொட்டிப் பாலில் தேடினால்தான் கிடைக்கிறது. தொட்டியில் நிறைந்திருப்பது வேறொன்று.

சூடோமோனாஸ் ஃப்ளூரெசன்ஸ் கூட்டம். ஊற்றிய உடனே எடுத்த பாலில் கொஞ்சம், 12 மணி நேரத்தில் பாதிக்குக் கிட்ட, 24 மணி நேரத்தில் மற்றவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. வால்வுக்குள் துடைத்த பஞ்சில் அதைத் தவிர வேறு பெயரே ஏறக்குறைய இல்லை. கேனில் இல்லை, வாளியில் இல்லை, லைனரில் லேசாக. போர்வெல்லில் இல்லை. மாடித்தொட்டித் தண்ணீரில் சிறிய பங்காக இருந்தது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலரும் விழுகிற பள்ளம். 16எஸ் அறிக்கை தருவது பங்கு, எண்ணிக்கை இல்லை. ஆயிரம் பேர் பந்தியிலும் பத்துப் பேர் பந்தியிலும் பாதிப் பேர் ரசம் கேட்டால் இரண்டுக்கும் அறிக்கையில் 50 சதவீதம் என்றுதான் வரும், சமையல்காரருக்குத்தான் வித்தியாசம் தெரியும். போதாக்குறைக்கு ஒவ்வொரு பாக்டீரியாவும் இந்த மரபணுவை எத்தனை பிரதி வைத்திருக்கிறது என்பதும் மாறும், ஈ.கோலையில் 7. அதனால் தட்டோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். 7 டிகிரித் தட்டில், ஊற்றிய உடனே எடுத்த பாலில் விரல்விட்டு எண்ணுகிற அளவு புள்ளிகள், 24 மணி நேரப் பாலில் எண்ண முடியாமல் தட்டே மூடிக்கொண்டது. கொழுப்பு நீக்கிய பால் தட்டில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வளையம். புற ஊதா விளக்கை அடித்தால் மஞ்சள் பச்சையாக மினுங்கியது, அந்த ஃப்ளூரெசன்ஸ் என்ற பெயரே அதனால்தான், இரும்பைப் பிடிக்க அது சுரக்கிற பயோவெர்டின் என்ற நிறமி அது.

ஆச்சி வீட்டுப் பாலில்தான் இன்னொரு வேடிக்கை. காய்ச்சிய பாலிலும் சூடோமோனாஸ் டிஎன்ஏ நிறைய. தட்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை. டிஎன்ஏவைப் படிக்கிற இயந்திரத்துக்கு உயிரோடு இருப்பதும் செத்ததும் ஒன்றுதான், காய்ச்சினால் பாக்டீரியா சாகும், அதன் டிஎன்ஏ அங்கேயே கிடக்கும். அதேபோல அங்கேயே கிடக்கிற இன்னொன்று அதன் நொதி. இந்தக் கூட்டம் குளிரில் வளரும்போது வெளியே சுரக்கிற ஏபிஆர்எக்ஸ் என்ற புரதவெட்டி பாஸ்சரைசேஷனின் 72 டிகிரியைத் தாங்கும், அதற்கு மேல், பெட்டிப் பாலுக்குக் கொடுக்கிற யுஹெச்டி என்ற கடும் சூட்டில்கூட ஒரு பங்கு தப்பிப் பிழைக்கும். அடுப்பில் பொங்கவிட்டாலும் அது முழுதாக அழியாது. ஆச்சி காய்ச்சும்போதே பாக்டீரியா செத்துவிட்டது, அது விட்டுப்போன கத்தரிக்கோல் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் கேசினை வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் கசப்பு. தயிர் ஒழுங்காகத் தோயாததும் அந்தக் கேசின் வெட்டுப்பட்டதால்தான் என்று நினைக்கிறேன்.

37 டிகிரித் தட்டும் மெத்திலீன் நீலமும் ஏன் நல்ல பால் என்று சொன்னது என்பதும் இப்போது புரிகிறது. இது குளிரிலும் வளர்கிற வகை, 37 டிகிரியில் சோம்பிக் கிடக்கும். நீலச் சோதனையும் அதே சூட்டில்தான். குளிரூட்டி வராத காலத்தில் கறந்து கேனில் கொண்டுவந்த பாலுக்கென்று வந்த சோதனை, குளிர்ப் பாலுக்கு அது பொருந்தாது.

சரி, டீக்கடைக்காரர்கள். அவர்களுக்குப் போவது தொட்டியைத் தொடாத காலைப் பால், அதையும் அவர்கள் ஒரு மணி நேரத்தில் காய்ச்சி விற்றுவிடுவார்கள். செவலையின் பாலும் அதில் கலந்துதான் போகிறது. ஒருவரும் கசக்கிறது என்று சொல்லவில்லையே! இதை எந்தச் செலவும் இல்லாமல் முதல் நாளே யோசித்திருக்கலாம். பின்னால் ஒரு நாள், முடிவு தெரிந்த பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டே அந்தப் பரிசோதனையையும் செய்தேன்: தொட்டிக்குப் போகும் முன் கேனிலிருந்து ஒரு லிட்டர், தொட்டியில் ஒரு நாள் இருந்தது ஒரு லிட்டர், இரண்டையும் ஒரே மாதிரி காய்ச்சி ஒரே ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் எது எது என்று சொல்லாமல் ஆச்சியிடம் கொடுத்தேன். நாக்கில் பட்டதும் சொன்னார். மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்தும் மூன்றும் சரி.

வால்வுக்குள்

அறிக்கையை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போய் வால்வைக் கழற்றி மேசையில் வைத்தோம். உள்ளே ஒரு ரப்பர் வளையம், அதன் பின்பக்கம் மஞ்சளாக, விரலால் வழித்தால் வழவழவென்று வரும் ஒரு படலம். ரப்பரில் முடியளவு வெடிப்புகள். அடியில் பால்கல், அதாவது பாலின் சுண்ணாம்பும் புரதமும் சேர்ந்து இறுகிய வெள்ளைப் பொருக்கு. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

"தொட்டியைத் தினமும்தானே கழுவுறோம்" என்றார் அப்புறம்.

"எதுலண்ணே கழுவுறீங்க?"

"சோப்புப் பொடி. தண்ணி."

"சுடுதண்ணியா?"

ஹீட்டர் கெட்டுப்போயிருந்தது. மாசி கடைசியில் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் காயில் போய்விட்டதாம், சரி பண்ணலாம் பண்ணலாம் என்று விட்டிருக்கிறார், அதிலிருந்து பச்சைத்தண்ணீரில்தான் கழுவல். கடைசி அலசல் மாடித்தொட்டித் தண்ணீர். அலசியதும் ஈரத்தோடு மூடி போட்டுவிடுவார்கள், பல்லி விழுந்துவிடும் என்று. நாங்கள் யாரும் அவரிடம் ஹீட்டரைப் பற்றிக் கேட்கவில்லை, அவருக்கும் அது பாலோடு சம்பந்தப்பட்ட சங்கதியாகத் தோன்றவில்லை. ஆச்சி புகார் சொன்னது பங்குனி கடைசியில். ஒரு மாதம் அந்தப் படலம் வளர எடுத்துக்கொண்டிருக்கும்.

மாடித்தொட்டியிலிருந்துதான் அது வால்வுக்குப் போய்க் குடியேறியது என்று நான் நினைக்கிறேன், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் வந்ததால் மட்டும் ஒரே வம்சம் என்றாகிவிடாது, 16எஸ் அவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்காது. தட்டில் வளர்ந்த இரண்டையும் முழு மரபணுத்தொகுதியாகப் படித்து ஒப்பிட்டிருந்தால் சொல்லலாம். காசு தீர்ந்துவிட்டது.

புது ரப்பர் வளையம் சில நூறு ரூபாய். ஹீட்டர் காயில் மாற்றினார். வாஷிங் சோடா கலந்த சுடுதண்ணீரில், 70 டிகிரிக்குக் குறையாமல், தினமும் கழுவல். பால்கல்லுக்கு வாரம் ஒருமுறை அமிலக் கழுவல், அன்றைக்கு வால்வைக் கட்டாயம் கழற்ற வேண்டும். மாடித்தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர். கழுவிய தொட்டியின் மூடியைத் திறந்து, பல்லிக்கு ஒரு கொசுவலைத் துணி. இரண்டு வாரம் கழித்து 7 டிகிரித் தட்டு மட்டும் வைத்துப் பார்த்தேன், இனி அதற்கு டிஎன்ஏ எதற்கு. 24 மணி நேரப் பாலில் எண்ணுகிற அளவுக்கு இறங்கியிருந்தது.

செவலையைத் தரகர் வந்து பார்த்துவிட்டுப் போனார், அண்ணன் விலை படியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மருத்துவர் ஊசி போட்டார், அந்த நாட்களும் அதற்குப் பின் மருந்து விலகுகிற நாட்களும் அவள் பாலைத் தனியாகக் கறந்து கொட்டினார்கள். ஒரு காம்பு தேறிவிட்டது. இன்னொன்றில் பால் கொஞ்சம் குறைவுதான், இப்போது சினையாக இருக்கிறாள்.

அந்த 24ஆவது மாதிரியை மறந்துவிட்டேன். ஆச்சியின் தயிர் அழகாக வந்திருந்தது: லாக்டோபேசில்லஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோகாக்கஸ், கூடவே 2020ல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தையே 25ஆகப் பிரித்தபோது வாயில் நுழையாத புதுப் பெயர் வாங்கிய ஒன்றிரண்டு பேர். செவலையின் மடிநோய் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இந்த தெர்மோஃபிலஸ் பங்காளி, ஆனால் நல்ல பங்காளி. வட்ட வரைபடமாகப் போட்டு, கலர் அடித்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். தலைமுறை தலைமுறையாக வருகிற உறை ஆச்சி, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்றேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நன்றாகப் பார்த்தார்.

"என் உறை பங்குனியிலயே கெட்டுப்போச்சேத்தா. இது அடுத்த வீட்டுல வாங்குனது."